காது குறைவாகக் கேட்கும் பிள்ளையை வளர்க்க ஒரு கைநூல்: எதை முதல் எழுதவேணும்?

வட்டக்கச்சி நிலா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காது குறைவாக் கேட்கிற பிள்ளையளின்ர தாய்மார் கொஞ்சப்பேர் கிளிநொச்சியில மாதம் ஒருக்காச் சந்திக்கிறனாங்கள். புதுசா வாற தாய் ஆராயிருந்தாலும் அதே கேள்வியளோடதான் வாறா. இது மாறுமோ? காதில கேட்கிற மெஷின் போட்டாக் கதைப்பாளோ? வயித்தில இருக்கேக்க நான் ஏதும் பிழை விட்டனானோ? இதுக்கெல்லாம் பதில் சொல்லுற சின்னக் கைநூல் ஒண்டு, எங்கட ஆக்களுக்கு விளங்கிற தமிழில, 40 பக்கத்துக்கு மேல போகாமல் எழுதுவம் எண்டு முடிவெடுத்திருக்கிறம். எழுதுற பொறுப்பை என்னட்டத் தந்திருக்கினம். என்ர மகளுக்கு ரெண்டு காதிலயும் மெஷின், இப்ப ரெண்டாம் வகுப்பு.

இங்கிலிசில நல்ல புத்தகங்கள் இருக்கு, வாசிச்சிருக்கிறன். அதில வாற வீடு வேற. கதவைச் சாத்தினாச் சத்தம் அடங்கும், உள்ளுக்கு மூண்டு பேர்தான் இருப்பினம். எங்கட வீட்டில அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளையள், தகரக் கூரை, தண்ணி இறைக்கிற மோட்டர். இந்த வீட்டுக்குள்ள பிள்ளையோட எப்பிடிக் கதைக்கிறது எண்டதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.

இப்ப நான் போட்டிருக்கிற ஒழுங்கு இதுதான்: காதின்ர அமைப்பு, பரிசோதனை, மெஷின், பேச்சுப் பயிற்சி, பள்ளிக்கூடம், கடைசியாச் சைகை. எது குறையுது, எதை முன்னுக்குப் போடவேணும்? வளர்த்த ஆக்கள், வளர்ந்த ஆக்கள் எல்லாரும் சொல்லுங்கோ.

மல்லாவி அம்மா எழுதியது:

நிலா தங்கச்சி, காதின்ர படத்தோட தொடங்காதேங்கோ. முடிவு சொல்லிப்போட்டு டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். தாய் வெளியில வந்து வாங்கிலில இருப்பாள். உள்காதில இருக்கிற நத்தை எலும்பைப் பற்றி வாசிக்கிற நிலையில அவள் இருக்கமாட்டாள்.

முதல் பக்கத்தில "இது உன்ர பிழை இல்லை" எண்டு போடுங்கோ. சும்மா ஆறுதலுக்கு இல்லை, காரணத்தோட போடுங்கோ. கிரகணத்தைப் பாத்தவள், சாமத்தில வெளியில போனவள், மாமியின்ர சொல்லுக் கேளாதவள் எண்டு என்னைச் சொல்லாத சொல்லில்லை. எங்கட பிள்ளைக்குப் பரம்பரைக் காரணம் எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. எனக்கும் அவருக்கும் காது நல்ல வடிவாக் கேட்கும். ரெண்டு பேரிட்டயும் ஒளிஞ்சிருந்த ஒரே மரபணு பிள்ளையிலதான் சேர்ந்திருக்கு. இந்த ஒரு விசயத்தைத் தகப்பன்மாரும் மாமிமாரும் வாசிக்கவேணும்.

ஒடியோ அண்ணை எழுதியது:

கேட்டல் பரிசோதனை செய்யிற வேலைதான் என்ர வேலை. மல்லாவி அம்மா சொன்னதோட இதையும் சேருங்கோ. பரம்பரை மட்டுமில்லை, தாய்க்குக் கர்ப்பத்தில வந்த ருபெல்லாக் காய்ச்சல், குறைமாசப் பிறப்பு, மூளைக்கு ஏறின மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், காதில மாறாமல் வடியிற சீழ் எண்டு எத்தினையோ காரணம் இருக்கு. சின்னப்பிள்ளையளுக்கு வாற கேட்டல் குறைவில 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால வாறது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தடுப்பூசியும் கிளினிக்கும் ஏன் முக்கியம் எண்டு சொல்ல இதுதான் இடம்.

பரிசோதனை அத்தியாயத்தில ஒரு கணக்கைப் பெரிய எழுத்தில போடுங்கோ: 1, 3, 6. பிறந்து 1 மாதத்துக்குள்ள முதல் சோதனை, 3 மாதத்துக்குள்ள முடிவு, 6 மாதத்துக்குள்ள உதவி தொடங்கவேணும். இது உலகம் முழுக்கப் பாவிக்கிற அளவு. எங்கட பக்கத்தில அப்பிடி நடக்காத பிள்ளை கனபேர். பிந்தினாலும் வாங்கோ எண்டும் எழுதுங்கோ. இல்லாட்டி 3 வயசுப் பிள்ளையோட இருக்கிற தாய் இதை வாசிச்சிட்டு "எல்லாம் முடிஞ்சுது" எண்டு புத்தகத்தை மூடிப்போடுவா.

வீட்டில கையைத் தட்டிப் பாக்கிறதை நம்பவேண்டாம். கை அசையிறதைப் பிள்ளை கண்ணோரத்தால காணும். கதவை அடிச்சா நிலத்தின்ர அதிர்வு காலுக்குத் தெரியும். திரும்பிப் பாத்திட்டுது, காது கேட்குது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு ஒரு வருசத்தை விட்ட குடும்பங்களைக் கண்டிருக்கிறன். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" எண்ட கதையும் இப்பிடித்தான் காலத்தைத் தின்னுது.

ஓ.ஏ.ஈ எண்டது காதுக்குள்ள சின்ன முனையை வைச்சு உள்காது திருப்பி அனுப்புற சத்தத்தை அளக்கிறது. ஏ.பி.ஆர் எண்டது தலையில சின்ன வில்லையள் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாப் போகுதோ எண்டு பாக்கிறது. ரெண்டும் நோகாது. பிள்ளை நித்திரையாக இருந்தா நல்லது, அதால வாற வழியில பஸ்சில நித்திரையாக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கோ. ஓ.ஏ.ஈ சரியா வந்தும் ஏ.பி.ஆர் வராத பிள்ளையள் இருக்கினம், நரம்பில பிரச்சினை. ஒரு சோதனையோட நிக்காதேங்கோ.

மூளைக்காய்ச்சல் வந்து மாறின பிள்ளையை உடன காது சோதிக்கவேணும். உள்காது எலும்பாகிப் போனா, கொக்லியர் எண்ட கருவியை உள்காதுக்குள்ள பொருத்திற ஒப்பரேசனுக்கு வழி அடைபட்டுப்போகும்.

கனகராயன்குளம் எழுதியது:

வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தி வைச்சுத்தான் எங்கட பெறாமகனுக்குப் பேச்சு வந்தது எண்டு வீட்டில சொல்லுவினம். புத்தகத்தில கோயிலைப் பற்றி என்ன எழுதப்போறியள்?

வட்டக்கச்சி நிலா எழுதியது:

நேத்தியை வைக்கட்டும் அண்ணை, பொங்கலுக்கும் போகட்டும். கிளினிக் திகதியை மட்டும் விடவேண்டாம் எண்டு எழுதுவன். காதுக்குள்ள நல்லெண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால் விடுறதுக்குத்தான் இறுக்கமா எழுதுவன். சவ்வில ஓட்டை இருக்கிற காதுக்குள்ள அதெல்லாம் போனாக் கூடாது. சீழ் வடியிற பிள்ளை குளத்தில முங்கவும் கூடாது, குளிக்கேக்க பஞ்சில வசிலின் பூசிக் காதை அடைக்கவேணும்.

ஓமந்தை ரீச்சர் எழுதியது:

பேச்சுப் பயிற்சி அத்தியாயத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலிசுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. தமிழில் வசனத்தின் முக்கியமான பகுதி கடைசியில் வருகிறது. செய்தது ஆர், எப்ப, செய்யலாமா கூடாதா எல்லாமே சொல்லின் வாலில் இருக்கிறது. நாங்கள் கதைக்கும்போது வசனம் முடிய முடியக் குரல் தாழ்ந்துபோகும். "தொடாத" என்று தாய் சொல்ல, பிள்ளைக்குக் கேட்பது "தொடு". பிள்ளை அடுப்பைத் தொடும். சொல்வழி கேளாத பிள்ளை என்று அடி விழும்.

என்னுடைய முன்பள்ளியில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். "ஓடாத" என்று சொன்னால் ஓடுவாள். கையை விரித்துக் காட்டி, முகத்தைப் பார்த்து, "நில்லு. ஓடாத" என்று கடைசி எழுத்துவரைக்கும் குரல் விழாமல் சொன்னபோது நின்றாள். அவளுக்குக் குழப்படி இல்லை, வசனத்தின் அரைவாசிதான் அவளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வேண்டாம், இல்லை, ஏலாது ஆகியவற்றுக்கு வீடு முழுக்க ஒரே கைக்குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

உதட்டைப் பார்த்து எல்லாம் விளங்கும் என்றும் எழுதிவிட வேண்டாம். "படம்", "மடம்" இரண்டும் உதட்டில் ஒன்றுதான். க, ங போன்றவை தொண்டைக்குள் நடக்கின்றன, வெளியே தெரியாது. ஸ், ஷ் மாதிரி மெல்லிய உயர்ந்த ஓசைகள்தான் கனபேருக்கு முதலில் காணாமல் போகிறவை. எந்தக் கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் பிள்ளை ஊகிக்கும். "நாளைக்குச் சந்தைக்குப் போறதைப் பற்றிச் சொல்லப்போறன்" என்று தொடங்குங்கள்.

தூரமும் இருக்கிறது. வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். குசினிக்குள் நின்று முற்றத்துப் பிள்ளையைக் கூப்பிடுவதைக் குடும்பம் முழுக்க விடவேண்டும். கிட்டப் போய், தோளில் தொட்டு, முகம் பார்த்த பிறகு கதைக்கவேண்டும். கத்தத் தேவையில்லை. கத்தினால் வாய் கோணி உதடும் விளங்காமல் போகும்.

புதுக்குடியிருப்பான் எழுதியது:

நான் வளர்ந்த ஆள். 2009 இல சின்னப்பிள்ளை. சண்டையில கிட்ட விழுந்த ஷெல்லால இடது காது முழுக்கப் போச்சு, வலது காது அரைகுறை. முகாமில இருக்கேக்க காதைப் பற்றி ஆர் யோசிச்சது, உயிரோட இருக்கிறமே எண்டுதான் எல்லாரும் இருந்தம். எங்களை மாதிரி ஆக்கள் இண்டைக்குத் தாய்தகப்பனாகவும் இருக்கினம். எங்கட கதையும் இந்தப் புத்தகத்தில இருக்கவேணும்.

பெத்தவைக்குச் சொல்ல ரெண்டு விசயம் இருக்கு.

"விளங்கிச்சோ?" எண்டு கேட்காதேங்கோ. நான் "ஓம்" எண்டு தலையாட்டுவன். விளங்கேல்லை எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்ச பிள்ளை எல்லாத்துக்கும் தலையாட்டும். "நான் இப்ப என்ன சொன்னனான்?" எண்டு கேளுங்கோ. கோபமாக் கேட்காதேங்கோ. திரும்பச் சொல்லேக்க அதே வசனத்தைப் பெரிசாச் சொல்லாமல் வேற சொல்லில சொல்லுங்கோ.

மற்றது, சாப்பிடேக்க எல்லாரும் ஒண்டாச் சிரிப்பினம். என்ன எண்டு கேட்பன். "ஒண்டுமில்லை, பிறகு சொல்லுறன்" எண்டுவினம். பிறகு ஒருத்தரும் சொல்லமாட்டினம். பாசமில்லாத வீடு இல்லை எங்கட வீடு, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின வீடு. ஆனா அந்த "ஒண்டுமில்லை" இருக்கே, பள்ளிக்கூடத்தில பெடியள் சொன்ன பட்டப்பேரை விட அதுதான் நொந்தது. மாமா கள்ளுக்குடிச்சிட்டு வேலியில விழுந்த கதையாக இருந்தாலும் பிள்ளைக்கும் சொல்லுங்கோ. குடும்பத்துக் கதை தெரியாமல் வளர்ந்தா அந்த வீட்டில பிள்ளை விருந்தாளிதான்.

இன்னுமொண்டு ஞாபகம் வருது. கரண்ட் போற இரவில எனக்குக் கதையும் நிண்டுபோகும். விளக்கைக் கதைக்கிற ஆளின்ர முகத்துப் பக்கம் வையுங்கோ. அவரின்ர முதுகுக்குப் பின்னால வைச்சா முகம் இருட்டு, உதடு தெரியாது.

மல்லாவி அம்மா எழுதியது:

தம்பி, உந்த "ஒண்டுமில்லை" பகுதியை அப்பிடியே புத்தகத்தில போடவேணும். இண்டைக்கு இரவு சாப்பாட்டுக்கே எங்கட வீட்டில இதைச் சொல்லப்போறன்.

முழங்காவில் அப்பா எழுதியது:

மெஷின் பகுதிக்கு நான் சொல்லுறன். கண்ணாடி போட்டவுடன எழுத்துத் தெரியிற மாதிரி மெஷின் போட்டவுடன பேச்சு விளங்காது. எல்லாச் சத்தத்தையும்தான் அது பெரிசாக்கும், மின்விசிறியையும் சேர்த்து. பிள்ளைக்கு எது பேச்சு, எது சத்தம் எண்டு பிரிக்கப் பழக மாதக்கணக்கு எடுக்கும். முதல் கிழமையில கழட்டி எறியும், திரும்பத் திரும்பப் போடவேணும். இதைச் சொல்லாததாலதான் கன மெஷின் அலுமாரிக்குள்ள கிடக்குது.

காதுக்குள்ள வைக்கிற அச்சு, பிள்ளை வளர வளரச் சின்னனாப் போகும். கைக்குழந்தைக்குச் சில மாதத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். கீச்செண்டு கூவினா மெஷின் பழுது எண்டு நினைக்காதேங்கோ, கனதரம் அச்சு இறுக்கமில்லாததுதான் காரணம்.

எங்கட வெயிலில வேர்வை, மாரியில ஈரம். இரவில பற்றரியைக் கழட்டி, மெஷினைத் துடைச்சு, இறுக்கமா மூடுற போத்தலுக்குள்ள சிலிக்கா ஜெல் பையோட வையுங்கோ. சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற அந்தச் சின்னப் பைதான். பற்றரியை அதுக்குள்ள போடக்கூடாது, காய்ஞ்சுபோகும். புதுப் பற்றரியின்ர ஸ்ரிக்கரை உரிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் காத்துப் பட விட்டிட்டுப் போடுங்கோ. 13 ஆம் நம்பருக்குச் செம்மஞ்சள், 312 க்கு மண்ணிறம், 675 க்கு நீலம் எண்டு நிறமும் எழுதுங்கோ. இலக்கம் வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் கடையில நிறத்தைச் சொல்லி வாங்கலாம்.

பற்றரியைப் பிள்ளை விழுங்கினா அது ஆபத்து. வாந்தி எடுக்கப் பண்ணாமல் உடன ஆசுப்பத்திரிக்கு ஓடவேணும். இதைச் சிவப்பு எழுத்தில போடுங்கோ.

ஒடியோ அண்ணை எழுதியது:

முழங்காவில் அண்ணை சொன்ன எல்லாம் சரி. விடியக்காலமை மெஷின் வேலை செய்யுதோ எண்டு பாக்க லிங் எண்ட பேராசிரியர் வகுத்த ஆறு ஓசை இருக்கு: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பிள்ளைக்குப் பின்பக்கம் நிண்டு, உதடு காட்டாமல், சாதாரண குரலில ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ. கேட்கிற ஒவ்வொரு தரமும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைப் பால் பேணிக்குள்ள போடட்டும். நேற்று ஸ் கேட்டது, இண்டைக்குக் கேட்கேல்லை எண்டா பற்றரியைப் பாருங்கோ, அச்சுக்குள்ள குறும்பி அடைச்சிருக்கோ எண்டு பாருங்கோ. ரெண்டும் சரி எண்டாக் கிளினிக்குக்கு வாங்கோ. வாயில கொட்டை போடுற வயசுப் பிள்ளைக்குப் பெரிய சாமான் ஏதும் குடுங்கோ.

கனகராயன்குளம் எழுதியது:

சைகையைப் பற்றி ஒரு கேள்வி. சைகை பழக்கினாப் பிள்ளை பேச்சை விட்டிடும், சோம்பேறியாகிடும் எண்டு எங்களுக்குச் சொன்னவை. அதனால பெறாமகனுக்கு ஒருத்தரும் கை காட்டக் கூடாது எண்டு வீட்டில கட்டளை. நிலா கடைசி அத்தியாயத்தில போட்டிருக்கிறது சரிதானே? முதல் பேச்சுக்கு முயற்சி செய்வம், சரிவராட்டிச் சைகை.

புதுக்குடியிருப்பான் எழுதியது:

அண்ணை, மரியாதையோட சொல்லுறன், அது சரியில்லை. பேச்சு வருதோ இல்லையோ எண்டு பாத்து முடிய 4, 5 வயசாகும். அதுவரைக்கும் பிள்ளை என்ன மொழியில யோசிக்கும்? பசிக்குது, பயமாக்கிடக்கு, அந்தப் பெடியன் எனக்கு அடிச்சவன் எண்டு என்னத்தால சொல்லும்? நான் சைகையை வளர்ந்த பிறகுதான் பழகினனான், கைதடியில காது கேளாத பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில படிச்ச சிநேகிதப் பெடியனிட்ட. ஒரு கூட்டத்தில ஒண்டும் தவறவிடாமல் கதைச்சது முதல் முதல் அவையளோடதான். என்ர பேச்சு அதால குறையேல்லை.

ஒடியோ அண்ணை எழுதியது:

சைகை பேச்சைக் கெடுக்கும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை. முதல் சில வருசத்தில ஏதோ ஒரு மொழி முழுசாப் போய்ச் சேராத பிள்ளைக்குத்தான் பிறகு வாசிப்பு, கணக்கு எல்லாத்திலயும் இடறுது. லேசான குறைவு இருக்கிற பிள்ளைக்கு மெஷினும் கிட்டக் கதைக்கிறதும் காணும். கடுமையான குறைவு எண்டாச் சைகையும் பேச்சும் ஒண்டாத் தொடங்கலாம். கொக்லியர் பொருத்தின பிள்ளைக்கும் ஒப்பரேசன் முடிஞ்ச அண்டைக்கே கேட்காது. கிழமைக்கணக்கில பொறுத்துத்தான் கருவியை இயக்குவினம், பிறகு வருசக்கணக்கில பயிற்சி.

ஓமந்தை ரீச்சர் எழுதியது:

கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் தொடங்கியது. தமிழில் படிக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கு இத்தனை வருசமாகக் கல்வி கொடுக்கும் இடம் அது. ஆனால் துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு பிள்ளையை விடுதியில் விடுவது சின்ன முடிவு இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடமா, விசேட பாடசாலையா என்று புத்தகம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டு இடத்தையும் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளோடு கதையுங்கள் என்று எழுதினால் போதும்.

ஊர்ப் பள்ளிக்கூடம் என்றால், முன் வாங்கு மட்டும் போதாது. ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கதைக்கக்கூடாது, யன்னலுக்கு முன்னால் நிற்கக்கூடாது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது சொல்வதைப் பலகையில் எழுதவேண்டும். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை சினந்தால் உடனே ரியூசனுக்கு அனுப்பவேண்டாம். நாள் முழுக்க ஊன்றிக் கேட்பது பெரிய உழைப்பு.

மல்லாவி அம்மா எழுதியது:

ஆபத்துகளையும் எழுதுங்கோ. 2014 இல யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கின பிறகு காவலில்லாத கடவையள்தான் எனக்குப் பயம். சைக்கிளால இறங்கி, நிண்டு, ரெண்டு பக்கமும் கண்ணால பாத்துத்தான் கடக்கவேணும் எண்டு கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டிப் பழக்கினனான். மிதிவெடி இருக்கெண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் அப்பிடித்தான். "அங்கால போகாத" எண்டு தூரத்தில நிண்டு கத்தி ஒரு பிரியோசனமும் இல்லை.

குடும்பநல மிஸ் எழுதியது:

வாசிச்சுக்கொண்டு வாறன். 40 பக்கப் புத்தகத்தை எல்லாத் தாய்மாரும் வாசிக்கமாட்டினம். கிளினிக் கொப்பிக்குள்ள மடிச்சு வைக்க ஒரு தனித்தாள் வேணும். எழுத்துப் பெரிசா இருக்கவேணும். மெஷினுக்கு உதவி கேட்கப் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பாக்கச் சொல்லி அதில ஒரு வரி போடுங்கோ, கன குடும்பத்துக்கு அதே தெரியாது.

வட்டக்கச்சி நிலா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒழுங்கை மாத்திறன். காதின்ர அமைப்பு கடைசிக்குப் போகுது, படத்தோட ரெண்டு பக்கம். முதல் அத்தியாயம் "வீட்டில கதைக்கிறது", கையும் பேச்சும் சேர்த்துத்தான். சைகைக்குத் தனி அத்தியாயம் இல்லை, முதல் பக்கத்திலயிருந்து எல்லா இடத்திலயும் வரும். கனகராயன்குளம் அண்ணை, உங்கட பயத்தையும் அதில கேள்வியாப் போட்டுப் பதிலும் எழுதுவன், ஏனெண்டா முக்கால்வாசி வீட்டில அதே பயம்தான்.

தனித்தாளுக்கு இப்ப எழுதினது:

"இது உங்கட பிழை இல்லை. உங்கட பிள்ளைக்கு மெஷின் வர முதலே நீங்கள் தொடங்கலாம். கிட்டப் போங்கோ. தொட்டுக் கூப்பிடுங்கோ. முகத்தில வெளிச்சம் விழ நில்லுங்கோ. கையாலயும் வாயாலயும் சொல்லுங்கோ. வசனத்தைக் கடைசி எழுத்துவரைக்கும் சொல்லுங்கோ. வீட்டில எல்லாரும் சிரிச்சா ஏன் எண்டு பிள்ளைக்கும் சொல்லுங்கோ. சோதனைக்குத் திகதி தந்தா விடாதேங்கோ, பிந்தியிருந்தாலும் வாங்கோ. மெஷினுக்கு உதவி தேவையெண்டாப் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கோ."

புதுக்குடியிருப்புத் தம்பி, உங்கட சிநேகிதரிட்டக் கேட்டு வேண்டாம், நில்லு, பசி, நோகுது, வா, சொல்லு எண்ட ஆறு சைகைக்கும் படம் எடுத்துத் தரேலுமோ? இடத்துக்கிடம் சைகை மாறும், அதால இங்கத்தை ஆக்கள் பாவிக்கிறதாக இருக்கவேணும். மாரி தொடங்க முதல் அச்சுக்குக் குடுக்கப் பாக்கிறம்.

புதுக்குடியிருப்பான் எழுதியது:

ஓம் அக்கா. "ஏன் சிரிக்கிறியள்?" எண்ட சைகையையும் சேர்த்து ஏழாத் தாறன்.

கனகராயன்குளம் எழுதியது:

அந்தப் படங்களை எனக்கும் அனுப்புங்கோ தம்பி. அச்சாகும்வரைக்கும் பொறுக்கேலாது.